பதினாலு பேர் கம்பெனி

அந்தக் கம்பெனியில் மொத்தம் 14 பேர். தலைவர் கிங், சம்பளம் 5000, அவருக்கு மேலே மேனேஜர் யாரும் இல்லை. குமாஸ்தா ஸ்மித்துக்கு 800, அதுதான் அடிமட்டம். விற்பனைப் பிரிவில் நாலு பேருக்குக் கமிஷன் உண்டு. அதில் மார்ட்டின் சம்பளமாக 1250-ம் கமிஷனாக 1400-ம் வாங்குகிறார். சம்பளத்தைக் கமிஷன் மிஞ்சிய ஒரே ஆள் அவர்தான். நியூயார்க், டாலஸ், சிகாகோ என்று மூன்று ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நாலாவதாக பாஸ்டனில் ஆபரேஷன்ஸ் என்று ஒரு டிபார்ட்மென்ட். அங்கே ஈ, காக்கை கிடையாது.

ஆரக்கிள் தொட்டவர்களுக்கு இதற்குள் சிரிப்பு வந்திருக்கும். எம்ப், டெப்ட் என்ற அந்த இரண்டு டேபிள்களை வைத்துத்தான் நம்மில் பலர் எஸ்க்யூஎல் கற்றோம். யூசர் நேம் ஸ்காட், பாஸ்வேர்ட் டைகர். ஸ்காட் நிஜ மனிதர்: புரூஸ் ஸ்காட், ஆரக்கிள் கம்பெனி ஆரம்பித்த புதிதில் அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர். டைகர் அவர் வீட்டுப் பூனை. அந்தப் பூனையின் பெயரைத் தட்டாமல் ஒரு காலத்தில் இந்தியாவில் யாரும் டேட்டாபேஸ் வேலைக்குப் போயிருக்க முடியாது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கென்றால், "அக்கா, டேட்டா வேர்ஹவுஸ் கத்துக்க ஆன்லைன்ல எங்க சேரலாம்?" என்று கேட்பவர்களுக்குப் பல வருஷமாக வெவ்வேறு பதில் சொல்லி வந்தேன். இந்த டூல் நல்லது, அந்த வாத்தியார் நல்லவர், ரெக்கார்டிங் தருவார்களா பார், பேட்ச்சில் எத்தனை பேர் கேள். இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்: "எந்த டேட்டாவை வெச்சுச் சொல்லித் தருவீங்க?" இதற்கு வரும் பதிலில் மீதி எல்லாம் தெரிந்துவிடும்.

சனிக்கிழமைகளில் தெரிந்த பிள்ளைகள் சிலருக்கு நானும் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அதனால் இந்த வியாபாரத்தில் எனக்குப் பங்கில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எம்ப் டேபிளை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அதை அமைத்தவர்களுக்குக் குறும்பு நிறைய. ஸ்காட்டுக்கும் ஃபோர்டுக்கும் 3000 என்று ஒரே சம்பளம். அதனால்தான் "இரண்டாவது அதிகச் சம்பளம் யாருக்கு?" என்ற இன்டர்வியூ கேள்வி இத்தனை வருஷமாக உயிரோடு இருக்கிறது. இருவருக்கும் ரேங்க் 2 என்றால் அடுத்த ஆள் ஜோன்ஸுக்கு 3-ஆ, 4-ஆ? ரேங்க்கும் டென்ஸ் ரேங்க்கும் பிரியும் இடம் அதுதான். பாஸ்டனில் ஆள் இல்லாததால் அவுட்டர் ஜாயின் எதற்கு என்று ஒரு நிமிஷத்தில் புரியும். கிங்குக்கு மேனேஜர் இல்லை, அந்தக் கட்டம் நல், அதாவது காலி. "யாருக்கும் மேனேஜராக இல்லாதவர்கள் யார்?" என்று நாட் இன் போட்டுக் கேட்டால் ஒரு வரிகூட வராது, அந்த ஒற்றை நல் மொத்த விடையையும் விழுங்கிவிடும். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் சர்வர் கெட்டுவிட்டதென்றே நினைப்பார்கள்.

கமிஷன் விஷயத்தில் இன்னும் நுட்பம். ஆலன் 300, வார்ட் 500, மார்ட்டின் 1400, டர்னர் 0. மற்ற பத்துப் பேருக்கும் நல். சராசரி கேட்டால் 550 என்று வரும்: 2200-ஐ நாலால் வகுத்தது. டர்னர் கணக்கில் உண்டு, ஏனென்றால் அவர் கமிஷன் வாங்கும் தகுதி உள்ளவர், இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை. கிங்குக்குக் கமிஷன் என்ற பேச்சே கிடையாது. பூஜ்யத்துக்கும் இன்மைக்கும் உள்ள தூரத்தை 14 வரிக்குள் காட்டும் டேபிள் வேறொன்றை நான் பார்த்ததில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், ஒரு டாக்ஸியில் மறுபடி வரும்.

ஆக, எஸ்க்யூஎல் கற்க இது போதும். வேர்ஹவுஸ் கற்க இது உதவாது. ஆனால் பல ஆன்லைன் வகுப்புகளில் டூல் மட்டும்தான் மாறியிருக்கிறது. இன்ஃபர்மேட்டிகா போய் அஷ்யூர் டேட்டா ஃபேக்டரி வந்தது, ஸ்னோஃப்ளேக் வந்தது, டேட்டாபிரிக்ஸ் வந்தது. உள்ளே ஓடுவது அதே 14 பேர், சில சமயம் பெயரை மட்டும் ரமேஷ், சுரேஷ் என்று மாற்றி. மேகத்தில் எத்தனை பெரிய கிளஸ்டரையும் எழுப்ப வல்ல ஒரு சாதனத்தைத் திறந்து, அதில் ஒரு சிஎஸ்வி கோப்பை ஏற்றி, ஸ்டேஜிங்கிலிருந்து டார்கெட்டுக்கு அம்பு போட்டு, "பாத்தீங்களா, லோடு சக்ஸஸ்" என்று பச்சை டிக் காட்டுவார்கள். டெமோ கிளாஸ் என்பது பெண் பார்க்கப் போகிற மாதிரி. அன்றைக்கு பஜ்ஜியும் சொஜ்ஜியும் நன்றாகத்தான் இருக்கும்.

"ரியல் டைம் ப்ராஜெக்ட் உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஹைதராபாத் அமீர்பேட்டை கோச்சிங் சென்டர்கள் காலத்திலிருந்து வரும் வாசகம் அது. அங்கே தெருவெங்கும் ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்தவர்களுக்குத் தெரியும்; இப்போது அந்தப் பேனர்கள் வாட்ஸாப் ஃபார்வேர்டாக வருகின்றன. ப்ராஜெக்ட் என்று கடைசி வாரம் கையில் தருவது பெரும்பாலும் ஒரு வேர்ட் டாக்குமென்ட்தான், இன்டர்வியூவில் ஒப்பிக்க.

சரி, வேர்ஹவுஸில் என்னதான் வேறு? முதலாவது, காலம். எம்ப் டேபிளில் யாருக்கும் இடமாற்றம் நடந்ததில்லை. சிகாகோ பிளேக் என்றைக்கும் சிகாகோ பிளேக்தான். நேற்று எங்கே இருந்தார் என்ற கேள்வியே எழாத உலகம் அது. வேர்ஹவுஸோ அந்தக் கேள்விக்காகவே கட்டப்படுவது.

என் வகுப்பில் இதற்கு நான் எடுக்கும் உதாரணம் தமிழ்நாட்டு மாவட்டங்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து புது மாவட்டங்கள் வந்தன. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆனது. உங்களிடம் தாம்பரத்தில் ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் அது காஞ்சிபுரம் மாவட்டம், 2020-ல் செங்கல்பட்டு மாவட்டம். கடை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மாவட்டவாரி விற்பனை ரிப்போர்ட் கேட்கிறார்கள்.

"அக்கா, ஸ்டோர் டேபிள்ல மாவட்டத்தை அப்டேட் பண்ணிட்டா போதுமே?"

"பண்ணு. இப்போ 2018 ரிப்போர்ட்டை ஓட்டு."

"2018-லயே செங்கல்பட்டு மாவட்டம்னு வருது."

"2018-ல அப்படி ஒரு மாவட்டம் இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் யார் மைக்கும் திறக்காது. அப்புறம் யாராவது ஒருவர், "அப்போ பழைய வரியை அப்படியே வெச்சுட்டு, புது வரி ஒண்ணு போடலாம்" என்பார். நல்லது, போடலாம். அதே கடைக்கு இரண்டு வரி, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தனித்தனி சரோகேட் கீ. இப்போது ரிப்போர்ட்டில் காஞ்சிபுரத்தின் விற்பனை 2020-ல் சடாரென்று விழும். சேல்ஸ் ஹெட் போன் போட்டு, "காஞ்சிபுரத்துல என்னய்யா ஆச்சு, யாரு அங்க ஏரியா மேனேஜர்?" என்று கத்துவார். அந்த ஏரியா மேனேஜர் ஒரு பாவமும் அறியார்.

இதுதான் ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன். டைப் 1 மேலே எழுதும், டைப் 2 புது வரி சேர்க்கும், டைப் 3 பழைய மதிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நெடுவரிசை வைக்கும். இன்டர்வியூவில் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் ஏராளம். இந்தக் கடைக்கு எது என்று கேட்டால் திணறுவார்கள், ஏனென்றால் விடை டேபிளில் இல்லை. ரிப்போர்ட்டை யார், எதற்காகப் படிக்கிறார் என்பதில் இருக்கிறது. வளர்ச்சியை ஒப்பிட இன்றைய எல்லைப்படி பழையதையும் பார்க்க வேண்டியிருக்கலாம். அன்று வெளியிட்ட கணக்கோடு சரிபார்க்க அன்றைய எல்லையே வேண்டும். சில இடங்களில் இரண்டையும் தூக்கிச் சுமக்க வேண்டும். அந்த வாக்குவாதம்தான் எங்கள் தொழில். பச்சை டிக் வருவது அதற்கு அப்புறம்.

ரால்ஃப் கிம்பால் 'டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' புத்தகத்தின் முதல் பதிப்பை 1996-ல் கொண்டுவந்தார். மூன்றாவது பதிப்பு 2013. அவருடைய கிம்பால் குரூப் 2015 இறுதியில் கடையைக் கட்டிவிட்டது. அவர் சொன்ன வரிசை இன்றும் அப்படியே நிற்கிறது: எந்தத் தொழில் நடவடிக்கை, கிரெய்ன் என்ன, டைமென்ஷன்கள் எவை, ஃபேக்ட் எவை. கிரெய்ன் என்றால் ஃபேக்ட் டேபிளின் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது. ஒரு பில்லா, பில்லில் ஒரு பொருளா, ஒரு நாளின் மொத்தமா? இதை ஒரு வாக்கியத்தில் எழுதாமல் டேபிள் கட்ட உட்கார்ந்தவர்களின் ரிப்போர்ட்டில் தொகை இரட்டிப்பாகி நின்றதை நிறையப் பார்த்தாயிற்று. இதே காலத்தில் மைக்ரோசாஃப்ட்டின் தேர்வுகள் எத்தனை வந்து போயின! டேட்டா இன்ஜினியர் வேலைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து எழுதிய டிபி-203 தேர்வை 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கான 'டம்ப்' விற்றவர்கள் மறுநாளே டிபி-700-க்கு விற்கத் தொடங்கியிருப்பார்கள்.

கிம்பால் வலியுறுத்தும் தேதி டைமென்ஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க மாதிரி டேட்டாபேஸ்களில் அது தயாராக வரும். விடுமுறை நெடுவரிசையில் தேங்க்ஸ்கிவிங் இருக்கும். நம் ஊர்த் துணிக்கடைக்கு அதை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? தீபாவளி 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. போன அக்டோபரோடு இந்த அக்டோபரை ஒப்பிட்டு வளர்ச்சி விகிதம் போட்டால் ஒரு வருஷம் ஆகாயத்துக்கும் மறு வருஷம் பாதாளத்துக்கும் போகும். 'தீபாவளிக்கு முன் எத்தனையாவது நாள்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் தீர்ந்தது. ஆடித் தள்ளுபடிக்கு இன்னொன்று. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதற்கு இன்னொன்று. இதை ஒரு வகுப்புப் பயிற்சியாகக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும், கிளவுட் கணக்குகூட வேண்டாம். கொடுக்கும் வகுப்பைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கிறது.

அடுத்து அளவு. 14 வரியும் ஆரக்கிளின் ஒரே பிளாக்கில் அடங்கிவிடும். இன்டெக்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் கண்ணை இமைப்பதற்குள் விடை. ஆகவே பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங் என்ற பாடத்தை அதில் வாயால்தான் நடத்த முடியும்.

எஸ்க்யூஎல் சர்வர் உலகில் பிரென்ட் ஓசார் இதற்கு ஒரு வழி கண்டார். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் தன் கேள்வி, பதில், ஓட்டு, பயனர் விவரங்களைப் பொதுவில் வெளியிட்டு வந்தது. அதை அப்படியே டேட்டாபேஸாக்கி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கொடுத்து, தன் ஆன்லைன் வகுப்புகளை அதில் நடத்துகிறார். 2010 வரை உள்ள சின்னப் பதிப்பே சுமார் 10 ஜிபி. அவர் அடிக்கடி காட்டும் டெமோ ஒன்று உண்டு. பயனர்களை ரெபுடேஷன் எண் கொண்டு தேடும் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர். அந்தத் தளத்தில் சேரும் எவருக்கும் ரெபுடேஷன் 1 தான் தொடக்கம். நிறையப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். அதனால் 1 என்று தேடினால் வரிகள் மலையாகக் குவியும், 2 என்று தேடினால் கொஞ்சம்தான். முதலில் 2 கொடுத்து ஓட்டினால் கொஞ்ச வரிக்கு ஏற்ற பிளானைப் போட்டு சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் 1 கொடுங்கள். அதே பிளானில் மலையை நகர்த்தப் பார்க்கும். பெராமீட்டர் ஸ்னிஃபிங் என்பதை ஸ்லைடில் படித்தவர்களுக்கும், தன் லேப்டாப் விசிறி இரைவதைக் கேட்டுப் படித்தவர்களுக்கும் இன்டர்வியூவில் பேசும் குரலே வேறு மாதிரி இருக்கும்.

நிஜ டேட்டா வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். 2015-ல் விக்டர் லைஸும் கூட்டாளிகளும் க்வெரி ஆப்டிமைசர்கள் உண்மையில் எவ்வளவு நல்லவை என்று சோதித்தார்கள். வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தும் டிபிசி-எச் டேட்டா செயற்கையாக உருவாக்கியது, எல்லா மதிப்பும் சமமாகப் பரவியிருக்கும். அதனால் அதில் ஆப்டிமைசர் போடும் மதிப்பீடு அழகாகப் பொருந்திவிடும். இவர்கள் ஐஎம்டிபி சினிமாத் தகவல்களை எடுத்து 113 க்வெரி எழுதினார்கள். நிஜ உலகில் நடிகருக்கும் மொழிக்கும் வருஷத்துக்கும் ஒன்றோடொன்று தொடர்பு உண்டு. ஜாயின் கூடக் கூட மதிப்பீடுகள் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும்கூடப் பிசகின. ஸ்னோஃப்ளேக்கில் மாதிரியாகக் கிடைப்பவற்றில் அந்த டிபிசி-எச்சும் உண்டு. அளவில் பெரிது, குணத்தில் எம்ப்பைவிடச் சாது.

எம்ப்பில் பழகிய கை கிளவுடில் செலவும் வைக்கும். செலக்ட் ஸ்டார் அடித்து எல்லா நெடுவரிசையையும் பார்க்கும் பழக்கம் நம் விரலில் ஊறியது. பிக்க்வெரி போன்ற நெடுவரிசைவாரிச் சேமிப்பில் எத்தனை பைட் படித்தாய் என்று பார்த்து பில் போடுவார்கள். கடைசியில் லிமிட் 10 என்று எழுதிவிட்டதால் பத்து வரிக்குத்தான் காசு என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரண டேபிளில் அது ஒரு பைசாவையும் குறைக்காது. சாண்ட்பாக்ஸில் மாதம் ஒரு டெராபைட் வரை இலவசமாகக் க்வெரி ஓட்டலாம், கிரெடிட் கார்டும் கேட்பதில்லை. பயிற்சி எடுக்கும்போதே அதில் எரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது டாக்ஸி. நியூயார்க் நகர டாக்ஸி, லிமோசின் ஆணையம் 2009 முதலான மஞ்சள் டாக்ஸிப் பயணங்களை மாத வாரியாக வெளியிட்டிருக்கிறது. இப்போது பார்க்கே வடிவில் கிடைக்கிறது. அண்மைக் காலத்து மாதக் கோப்பு ஒன்று சுமார் 50 எம்பி, உள்ளே 30 லட்சம் வரி போல. டக்டிபி என்ற இலவச மென்பொருளை இறக்கினால் எட்டு ஜிபி லேப்டாப்பிலேயே விநாடிகளில் ஓடும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிலையத்தில் பிறந்தது அது. என் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அழுக்கு என்றால் அப்படி ஒரு அழுக்கு. கட்டணம் மைனஸில் இருக்கும். பயணி எண்ணிக்கை பூஜ்யம், சில இடத்தில் நல். இந்த வருஷக் கோப்பில் எப்போதோ பழைய வருஷத் தேதியிட்ட பயணம் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். ஆயிரக்கணக்கான மைல் ஓடியதாக ஒரு வண்டி. ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும்: தூக்கி எறிவதா, தனியே ஒதுக்கி வைப்பதா, திருத்துவதா? மைனஸ் கட்டணம் பிழையா, திருப்பிக் கொடுத்த பணமா? பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும்.

அப்புறம் ஒரு கேள்வி கொடுப்பேன்: கார்டில் பணம் கட்டியவர்கள் அதிகம் டிப்ஸ் தருகிறார்களா, ரொக்கமாகக் கொடுத்தவர்களா? க்வெரி எழுத ஒரு நிமிஷம். விடை பளிச்சென்று வரும்: ரொக்கம் கொடுப்பவர்கள் டிப்ஸே தருவதில்லை! ஒருமுறை ஒரு தம்பி இதற்குக் காரணம்கூட எழுதி ஸ்லைடு போட்டு வந்தான். நியூயார்க்கில் சில்லறைத் தட்டுப்பாடு என்று. டேட்டாவோடு ஆணையம் தரும் விளக்கக் குறிப்பைப் படித்தால் விஷயம் தெரியும். டிப்ஸ் நெடுவரிசையில் கார்டு மூலம் வந்தது மட்டும்தான் பதிவாகும். ரொக்க டிப்ஸ் அதில் சேர்வதே இல்லை. டர்னரின் 0 உண்மையான 0. இங்கே 0 என்று நிற்பது 'எங்களுக்குத் தெரியாது'. எம்ப் டேபிளில் நேர்மையாக இருந்த வித்தியாசம் நிஜ டேட்டாவில் அழிந்துபோயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, பூஜ்யத்தை நல் ஆக்கித்தான் ஃபேக்ட் டேபிளுக்குள் விட வேண்டும்.

நல்ல வாத்தியார்களுக்குப் பஞ்சம் இல்லை, அதுவும் இலவசமாக. 2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு மூன்று பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவும் மெஷின் லேர்னிங்கும் பெயர் வாங்கிக்கொண்டன. மூன்றாவது ஜெனிஃபர் விடமின் டேட்டாபேஸ் பாடம். வீடியோவைவிட அதில் பெரிய விஷயம், எழுதிய க்வெரியைத் தானாகத் திருத்திச் சொல்லும் பயிற்சிகள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்டி பாவ்லோ தன் வகுப்புகளை யூட்யூபில் முழுசாகப் போட்டுவிடுகிறார். பஸ்டப் என்ற சின்ன டேட்டாபேஸின் உள்ளுறுப்புகளை மாணவர்களே சி++ மொழியில் எழுத வேண்டும்: பஃபர் பூல், இன்டெக்ஸ், க்வெரி எக்சிக்யூஷன். வெளியாட்களும் எழுதி அனுப்பித் தானியங்கித் திருத்தம் பெறலாம். கொரோனா காலத்தில் டேட்டாபேஸ் கம்பெனிப் பொறியாளர்களை ஜூமில் அழைத்து அவர் நடத்திய பேச்சுத் தொடருக்கு 'குவாரன்டைன்' என்று பெயர். அடுத்த வருஷம் 'வாக்சினேஷன்'.

பாவ்லோவின் பாடத்தில் ரெகவரி பற்றிய பகுதி வரும்போது எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். மின்சாரம் போய் சர்வர் விழுந்தால் பாதியில் நின்ற பரிவர்த்தனைகளை எப்படி மீட்பது என்பதற்கு உலகமே பாடமாக வைத்திருக்கும் ஏரிஸ் முறையை வகுத்த குழுவின் முதல் பெயர் சி. மோகன். சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1992-ல் வந்த அந்தக் கட்டுரை எழுபது பக்கத்துக்கு ஒன்று குறைவு. பாவ்லோ வகுப்புக்குப் பாடநூலாக வைத்திருக்கும் பாய்மரப் படகு அட்டைப் புத்தகத்தின் மூன்று ஆசிரியர்களில் ஒருவரான எஸ். சுதர்சனும் சென்னை ஐஐடியில் படித்தவர். அடையாறிலிருந்து புறப்பட்டுப் பிட்ஸ்பர்க் சுற்றி யூட்யூப் வழியாக அம்பத்தூருக்குத் திரும்பி வருகிறது பாடம். நேராகவே வேண்டுமென்றால் என்பிடெல்லில் காரக்பூர் ஐஐடி சார்பில் பார்த்தா பிரதிம் தாஸ் நடத்திய பாடம் இருக்கிறது. பரீட்சை எழுத மட்டும்தான் காசு.

நேரலை அமர்வுகளில் நமக்கு ஒரே தொல்லை நேரம். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் மதியம் ஒரு மணி என்று அழகாகப் போடுவார்கள். நமக்குக் கோடையில் இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30. ஆரக்கிளின் ஆஸ்க்டாம் ஆஃபீஸ் ஹவர்ஸ் போன்ற கேள்வி-பதில் அமர்வுகளுக்கு மட்டும் நான் விழித்திருப்பேன். கேள்வி கேட்க முடியாத எதையும் நேரலையில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மறுநாள் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எஸ்க்யூஎல் சர்வர்க்காரர்களின் பாஸ் அமைப்பு '24 ஹவர்ஸ் ஆஃப் பாஸ்' என்று ஒரு நாள் முழுக்க மணிக்கொரு அமர்வாக நடத்தி வந்தது. நம் தூக்க நேரமும் யாரோ ஒருவரின் அலுவலக நேரம் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. கொரோனாவில் மாநாட்டு வருமானம் அடிபட்டு 2021 ஜனவரியில் பாஸ் மூடப்பட்டது. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

இத்தனை இலவசமாக இருக்கும்போது காசு கட்டிச் சேரலாமா? சேரலாம், ஒரே ஒரு விஷயத்துக்கு: நீங்கள் வரைந்த மாடலை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, "இந்த ஃபேக்ட் டேபிளோட கிரெய்ன் என்னன்னு ஒரு வரியில சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் காசு. டூலின் பட்டன்களைக் காட்ட டூல் கம்பெனியே இலவச வீடியோ போட்டிருக்கிறது. எனவே டெமோ கிளாஸில் மைக்கைத் திறந்து கேளுங்கள்: என்ன டேட்டா, எத்தனை வரி, அதில் என்னென்ன கோளாறு, யார் அதைத் திருத்துவார்கள், எங்கள் அசைன்மென்ட்டை யார் படிப்பார்கள். "எல்லாம் ரியல் டைம்தான் மேடம், முதல்ல ஜாயின் பண்ணுங்க" என்று பதில் வந்தால், அந்த வாரக் கடைசியை மஞ்சள் டாக்ஸியோடு கழித்துவிடுங்கள். அதோடு தாம்பரம் கடையையும் ஒரு தாளில் வரையுங்கள். மாவட்டம் மாறிய நாளில் எடுத்த விற்பனை ரிட்டர்ன் எந்த வரியில் போய் ஒட்ட வேண்டும் என்று என் வகுப்பில் போன வாரம் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. வாங்கிய தேதி பழைய மாவட்டத்தில், திருப்பிக் கொடுத்த தேதி புது மாவட்டத்தில். நான் திருப்பிக் கொடுத்த தேதியின் பக்கம். இரண்டு பேர் பிடிவாதமாக வாங்கிய தேதியின் பக்கம் நிற்கிறார்கள், அவர்களிடமும் நல்ல காரணம் இருக்கிறது.